கவிழ்த்து வைத்த அட்டை

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வாக்குத்தத்த அட்டை குப்புறக் கிடக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுத்து, அதிலுள்ள வேத வசனம் அந்த வருஷத்துக்குத் தனக்கென்று வந்தது என்று நம்புவோம். இந்த அட்டையின் மறுபக்கத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

அட்டை பார்த்து முடிவெடுப்பவர்களை அக்காவைப்போல் கேலி செய்தவர் பர்மாவின் யாங்கோன் தமிழ்ச் சபைகளில் கிடையாது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்தவள். தியாக்ரிசிஸ் என்ற சொல்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவது என்று பொருள். அதன் வினைச்சொல் ஒரு வடிவத்தில் பிரித்துத் தீர்ப்பதைச் சொல்லும், இன்னொரு வடிவத்தில் மனம் இரண்டாகித் தவிப்பதைச் சொல்லும் என்பாள். அரிசியில் கல் பொறுக்கும்போதும் இதே பேச்சுதான். "கடவுள் மூளைய எதுக்குக் குடுத்தாரு?" என்று சிரிப்பாள்.

ராணுவம் கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியபோது அவள் மகனுக்கு இருபது வயது. அவன் கூட்டாளிகள் தாய்லாந்து எல்லைக்குக் கிளம்பினார்கள். வழியில் பிடிபட்டவர்கள் கதையும் வந்தது, வீட்டிலேயே பிடிபட்டவர்கள் கதையும் வந்தது. போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி புறப்படும் காலையில், பழைய அட்டைகள் கிடந்த பிஸ்கட் டின்னை இறக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வீட்டில் தங்குவோரைக் காப்பதாக ஒரு வசனம் வந்தது. போகாதே என்றாள். தமிழைவிடப் பர்மிய மொழியே நன்றாகப் பேசும் பிள்ளை அவன்; அம்மாவைக்கூட அமே என்றுதான் கூப்பிடுவான். "அமே சொன்னா போகல," என்று பையை இறக்கி வைத்தான்.

மறுவாரம் இன்சீன் சந்தைப் பக்கம் மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கப் போனவனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாம் என்று இன்றுவரை தெரியாது. கடவுள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அக்கா ஒரே ஒருமுறைதான் கேட்டாள்: "நானே யோசிச்சுச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பானா, தம்பி?" எல்லைக்குப் போனவர்களிலும் பாதிப் பேரிடமிருந்து சேதி இல்லை.

இந்தப் புத்தாண்டில் போதகர் தட்டை நீட்டியபோது, வேண்டாம் என்று தள்ளிவிடுவாள் என நினைத்தேன். ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேசைக் கண்ணாடியைத் தூக்கி அடியில் வைத்தாள். என் கை போனதும் தடுத்தாள்.

"தொடாதப்பா. அவன் பேருக்கு எடுத்தது. அவனே வந்து படிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசையில்தான் சாப்பிடுகிறோம். குழம்பு சிந்தினால் அக்கா அந்த இடத்தைத்தான் முதலில் துடைக்கிறாள்.