சைபர் காட்டிய வாலட்

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா இல்லை. இருபது வருடமாக அடுத்தவர் பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருப்பவர், சொந்தமாக வாங்கப்போகிற பழைய லேத் ஒன்றைப் பார்க்கத் துடியலூர் போயிருந்தார். அதற்காகச் சேர்த்த பணத்தை நான்தான் கிரிப்டோவில் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புதுப் போன் வாங்கியிருந்தேன். கிரிப்டோ இருக்கும் வாலட் ஆப்புக்குச் சாவியே பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள்தான்; தாளில் குறித்து வைத்திருந்த அவற்றைப் போட்டுத் திறந்தால், சைபர் என்று காட்டியது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் சைபர்தான்.

"பழைய போனைக் கடையில குடுத்துப்போட்டு வந்தியே கண்ணு, அதுலயே உட்டுட்டு வந்துட்டயா?" என்றார் அம்மா.

"சும்மா இரும்மா, உனக்கு இது புரியாது."

எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? இணையத்தில் ஒரு குழுவில் விஷயத்தை எழுதி, என் நம்பரையும் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். வாலட் கம்பெனியின் உதவிப் பிரிவு என்றார்.

"ஏனுங்க, கோயமுத்தூருங்களா? நமக்குச் சத்தியமங்கலமுங்க. பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்."

அந்த 'ங்க'வைக் கேட்டதுமே பாதி பயம் போய்விட்டது. வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பேன். பன்னிரண்டு வார்த்தைகளையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "சரிங்க, வெச்சிரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்!

அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. மறுநாள் சைபர் கிரைம் அலுவலகத்தில் ஒரு பெண் போலீஸ் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"புதுப் போன்ல, நீங்க வாங்கி வெச்ச கிரிப்டோ காயினைக் காட்டச் சொல்லி வாலட்டுல நீங்கதானுங்க ஆன் பண்ணோணும். நீங்க வார்த்தையைச் சொல்ற வரைக்கும் அது அங்கயேதான் இருந்திருக்குது."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எதைத் தேடினேன்?

அப்பா திட்டியிருந்தால் தேவலை. லேத்துக்காரருக்குப் போன் போட்டு, "வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க, இப்பத் தோதுப்படலீங்க" என்றார். அவர் காரணம் கேட்டிருப்பார் போல. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எனக்கு வயசாயிருச்சுங்க" என்றார் அப்பா. அவருக்கு நாற்பத்தெட்டு.

காணாமலே போகாத பணத்தைத் தேடப்போய், என் கையாலேயே இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அப்பாவின் லேத்தாக வந்திருக்க வேண்டிய அந்தத் தொகை மட்டும் நன்றாகத் தெரியும், இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.