எர்த் கம்பி

இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அன்றைக்குக் காற்று அடித்ததா? அடிக்கவில்லை. புல் நுனிகூட அசையவில்லை. அதன் பிறகும் சிரிப்பவர்களிடம் அறுந்துபோன நாடாவின் துண்டை எடுத்துக் காட்டுகிறேன். என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

என் அக்கா குதிரை வளர்த்தாள். சில அவளுடையவை, சில மற்றவர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனவை. படிப்பு முடிந்ததும் நான் அவளுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ராஜ்யம் நடத்தியது சீமாட்டி. பழுப்பு நிறப் பெண் குதிரை. வேறு குதிரை வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர்.

சீமாட்டியின் தாய் முள்கம்பி வேலியில் பாய்ந்து கால் கிழிந்து செத்தது. மருத்துவர் கடைசி ஊசி போடும்போது அக்காதான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே முள்கம்பி முழுவதையும் தன் கையால் பிடுங்கி எறிந்தாள். இப்போது சீமாட்டிக்கு வயிற்றில் குட்டி. முதல் குட்டி. அதன் மேல் ஒரு கீறல் விழக் கூடாது. அக்காவுக்கு உலகத்தில் வேறு வேண்டுதலே இல்லை.

மின்வேலி போட வந்தவர் வாயாடி. சமையலறை மேசையில் மாதிரிகளைப் பரப்பினார்.

"இந்த மெல்லிய கம்பி மலிவு. ஆனா குதிரை கண்ணுக்குத் தெரியாது. வேகமா வந்தா உடம்பை அறுத்துடும்."

"முதல்ல அதை எடுத்துப் பையில போடுங்க," என்றாள் அக்கா.

"கயிறு நல்ல உறுதி. ஆனா அறாது. கால் மாட்டினா மாட்டினதுதான்."

"அறுந்துடணும். குதிரை மோதினா வேலிதான் தோக்கணும்."

"அப்போ இந்த நாடா. கையகலம், வெள்ளை. இருட்டுலகூடத் தெரியும். மோதினா பட்டுனு அறுந்துடும். காத்துல கொஞ்சம் படபடன்னு அடிச்சுக்கும், அவ்வளவுதான்."

"எங்க சீமாட்டி அதுக்கே முகம் சுளிப்பா," என்றேன்.

"அவங்களுக்கு மட்டும் ஓரத்துல ஜரிகை வச்சுத் தரட்டுமா?"

அக்கா பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். நாடாவைத் தேர்ந்தெடுத்தாள். அறுந்துவிடும் என்பதற்காகவே.

கம்பங்கள் நட்டாயிற்று. நாடா கட்டியாயிற்று. லாயச் சுவரில் பேட்டரிப் பெட்டி மாட்டியாயிற்று. அந்தப் பெட்டி நொடிக்கு ஒரு மின்சார அடி அனுப்பும். தொடுகிற உடம்பு வழியாக அது மண்ணுக்கு இறங்கும். மண்ணில் புதைத்த எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். எர்த் கம்பிக்கு ஈரம் வேண்டும். எங்கள் மேய்ச்சல் நிலமோ வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தூரத்து மூலை மட்டும் எந்தக் கோடையிலும் பச்சையாக இருக்கும். ஆனால் அந்தப் புல்லில் எந்தக் குதிரையும் வாய் வைத்ததில்லை.

"கசக்குது போல," என்றாள் அக்கா.

"புல்லு கசந்தா என்ன, நமக்கு வேண்டியது தண்ணி," என்று அவர் அங்கேயே கம்பியை ஊன்றினார். ஆள் உயரக் கம்பி. சுத்தியலால் அடித்து இறக்க வேண்டியது, கையால் அழுத்தியதுமே இறங்கியது. அவரே வியந்துபோனார்.

"கீழ யாரோ கை நீட்டி வாங்கிக்கிற மாதிரி போகுதே."

நாங்கள் சிரித்தோம்.

போவதற்கு முன் எனக்கு ஒரு வித்தை காட்டினார். "மீட்டர் கையில இல்லன்னா ஒரு பச்சைப் புல்லைப் பிடுங்கி நாடா மேல வைங்க. விரல்ல லேசா துடிக்கும். நாடி பிடிச்சுப் பாக்குற மாதிரி." குதிரைகள் ஒவ்வொன்றாக வந்து மூக்கை வைத்து, துள்ளி ஓடின. சீமாட்டியும்தான். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "ஒரு தடவை போதும். உயிருள்ள எதுவும் ரெண்டாவது அடிக்கு நிக்காது."

சில நாள்தான் நிம்மதி.

ஒரு மாலை குதிரைகள் எல்லாம் நிலத்தின் நடுவில் ஒட்டி நிற்பதைப் பார்த்தேன். மேயவில்லை. எல்லாத் தலைகளும் தூரத்து மூலையை நோக்கியிருந்தன. அங்கிருந்து ஒரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

"நாடாவுல புல்லு உரசுது," என்றாள் அக்கா. "கரண்ட் கசிஞ்சா அப்படித்தான் கேக்கும்." அரிவாளோடு போனோம். நாடாவுக்குக் கீழே மொட்டைத் தரை. ஒரு புல் இல்லை. நாங்கள் கிட்டே போனதும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் மாலை சத்தம் மூலையில் இல்லை. ஒரு கம்பம் தள்ளிக் கேட்டது. அதற்கு மறுநாள் இன்னும் தள்ளி.

வேலிக்காரரிடம் தொலைபேசியில் சொன்னோம். "ஏதோ தொட்டுக்கிட்டே நிக்குது," என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா எதுவும் அப்படி நிக்காதே," என்றார். வந்து பார்ப்பதாகச் சொன்னார். வரவில்லை.

அன்றைக்கு மாலை ஆறரை இருக்கும். இருட்டிக்கொண்டிருந்தது. சீமாட்டிக்கு மடி கட்டிவிட்டது, அன்றோ மறுநாளோ குட்டி போடுவாள். அக்கா லாயத்தில் புது வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"நீ போய் அவளை உள்ள கூட்டிட்டு வாடி."

விளக்கோடு வேலி வாசலுக்குப் போனேன். சீமாட்டி வாசலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி நின்றாள். காதுகள் பின்னால் படிந்திருந்தன. கூப்பிட்டேன். வரவில்லை.

டிக்... டிக்...

மூலையிலிருந்து வந்தது. பிறகு மூலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. பிறகு இன்னும் இந்தப் பக்கம்.

சத்தம் நடந்து வந்தது.

காற்று இல்லை. ஆனாலும் நாடா அசைந்தது. முழு நாடாவும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கீழே தாழ்ந்தது. அந்தத் தாழ்வு கம்பம் கம்பமாக நகர்ந்தது. சுவரில் கையை இழைத்துக்கொண்டே நடப்பார்களே... அப்படி.

பெட்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி நாடாமேல் வைத்தேன்.

துடித்தது. நொடிக்கு ஒன்று. சரியாக இருந்தது.

பிறகு, இரண்டு துடிப்புக்கு நடுவே... இன்னொரு துடிப்பு.

மெதுவாக. பெட்டியின் கணக்கில் சேராமல்.

புல்லைப் போட்டுவிட்டேன்.

"அக்கா!"

"என்னடி?"

"நாடாவை யாரோ பிடிச்சிருக்காங்க."

"பெட்டியை அணை! போ!"

லாயச் சுவருக்கு ஓடினேன். விசையைத் திருகினேன். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

டிக்... டிக்...

நிற்கவில்லை.

டிக்.

வாசலுக்கு வந்துவிட்டது.

சீமாட்டி அலறினாள். குதிரை அப்படி அலறி நான் கேட்டதில்லை. குளம்புச் சத்தம். சாலைப் பக்கத்து நாடா பட்டென்று அறுந்தது.

இருட்டுக்குள் சாலை. லாரியின் விளக்கு. ஒலிப்பான்.

அப்புறம்... ஒன்றுமில்லை.

அக்கா சாலையில் உட்கார்ந்து சீமாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தலை ஏற்கெனவே கனத்துவிட்டது. வயிற்றில் கொஞ்ச நேரம் அசைவு இருந்தது. மருத்துவர் வந்து சேர முடியாத தூரத்தில் இருந்தார். அசைகிற இடத்திலேயே அக்கா கை வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"அறுந்துடணும்னு நான்தானே சொன்னேன்," என்றாள். அழவில்லை.

அந்த வாரமே மற்றவர்கள் வந்து தங்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்தவற்றை அக்கா கொடுத்துவிட்டாள். பெட்டியை யாரும் மறுபடி போடவில்லை.

வேலியைக் கழற்ற அந்த வாயாடி மனிதர் வந்தார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. நாடாவைச் சுருட்டினார். கம்பங்களைப் பிடுங்கினார். கடைசியாக எர்த் கம்பி. கையால் அழுத்தி இறக்கிய கம்பி. இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். அசையக்கூட இல்லை.

மண்வெட்டி எடுத்துத் தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் நிறுத்தினார். பள்ளத்திலிருந்து ஏறி வந்து, தூரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் காவலர்கள் வந்தார்கள். பழைய எலும்புகளை ஆராயும் மருத்துவர் வந்தார். எலும்புக்கூடு மல்லாந்து கிடந்தது. ஒரு கை மட்டும் மேலே நீண்டிருந்தது. ஐந்து விரல்களும் கம்பியைச் சுற்றி இறுக மூடியிருந்தன. எலும்பு ரொம்பப் பழசு, அக்கா பிறப்பதற்கும் முந்தியது என்றார் மருத்துவர். யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை.

"கம்பி எப்போ இறக்கினது?" என்று காவலர் கேட்டார்.

"போன மாசம்," என்றார் வேலிக்காரர்.

காவலர் பேனாவை மூடினார். "சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

"போன மாசம்தாங்க. அந்தக்கா சாட்சி."

விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பிடிக்கு மேலும் கீழும் கம்பியை அறுத்து, அந்தத் துண்டோடுதான் எடுத்தார்கள். துண்டோடுதான் வேறிடத்தில் புதைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அது மேல ஏறி வரப் பிடிச்சுதாடி? இல்ல, அடி தாங்காம நிறுத்தச் சொல்லிப் பிடிச்சுதா?"

பெட்டியை அணைத்தது நான்தான். அன்று மாலைக்குப் பிறகு அதற்கு ஓர் அடிகூட விழவில்லை.

ஆனாலும் அது பிடியை விடவில்லை.