காதுக்காரி தட்டிப் பார்த்த சிலிண்டர்

பழைய இரும்புக் கடையில் எங்கள் சித்திக்குக் காதுக்காரி என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் பித்தளையையும் பித்தளைப் பூச்சையும் பிரிக்க உட்கார்ந்தவர், ஸ்பேனரால் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டார். பிறகு டிரம்மோ டப்பாவோ எது வந்தாலும் ஒரு தட்டு. சித்தப்பா வெட்டுவதற்கு முன் கேட்பார்: "என்னம்மா, காலியா?" சித்தி காலி என்றால் காலி, அதற்கு மேல் பேச்சில்லை.

ஓட்டலை மூடிய ஒருவர் துருப்பிடித்த கேஸ் சிலிண்டர் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். சித்தி இரண்டையும் தட்டினார். இரண்டுமே காலி என்றார். முதலாவதை வெட்டும்போது வெடித்தது. சித்தப்பா போய்விட்டார்.

மற்றது கடையின் பின்பக்கம் கிடந்தது. சித்தி யாரையும் அதைத் தொட விடவில்லை. வருஷம் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். சித்தி அதைத் தெருவெல்லாம் சொல்லியிருந்தார்.

"படிச்சவனே, இதை கேஸ் கிடங்குல கொடுத்துடலாம். அவங்க திறந்து பார்ப்பாங்கல்ல?"

"பார்ப்பாங்க சித்தி. எதுக்கு?"

"உள்ள ஒண்ணுமில்லன்னா என் காது பொய் சொல்லல. உங்க சித்தப்பாதான் வேற ஏதோ பண்ணித் தொலைச்சிருக்கார்."

தள்ளுவண்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். டீக்கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, கைக்குழந்தையக் கட்டின மாதிரி கட்டியிருக்கீங்க?"

"குழந்தைன்னா அழுதாவது சொல்லுமே தம்பி."

கிடங்கு ஊழியர் சிலிண்டரை வெட்டவெளியில் நிறுத்தினார். எங்களைத் தூரமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். வால்வில் நீளக் குழாயை மாட்டி, மறுமுனையிலிருந்த பர்னரைப் பற்றவைத்தார். நீலச் சுடர் எழுந்து நின்றது.

"நல்லவேளை, யாரும் இதுல கை வைக்கல," என்றார் அவர்.

சுடர் தாழ்ந்து, படபடத்து, அணையும்வரை சித்தி முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார். "இனிமே நாங்க பார்த்துக்கறோம், நீங்க கிளம்பலாம்மா," என்று ஊழியர் சொன்னதும்தான் நகர்ந்தார்.

திரும்பும் வழியில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "மிச்சம் கொஞ்சமா நிக்கிற கேஸ் தட்டினா தெரியாது சித்தி. எந்தக் காதுக்கும் கேக்காது. யாரா இருந்தாலும் காலின்னுதான் சொல்லியிருப்பாங்க."

"இருக்கும்டா," என்றார். கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். "ஆனா அவர் யாரையோ கேக்கலையே. என்னைத்தானே கேட்டார்."