அம்மா பக்கத்து இடம்

அக்காவின் உடம்பு கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நான் கட்டியிருந்த வெள்ளைக் கொடியைக் கையால் விலக்கி உள்ளே வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். அதே மூச்சில், அக்காவைத் தோட்டத்து மயானத்தில் புதைக்க முடியாது என்றும் சொன்னார்.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான் அந்த இடமாம். அம்மா போய்விட்டாள். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். நான் தலவாக்கலையில் மரக்கறி மூட்டை தூக்குகிறேன். அக்காவுக்குக் கொழும்பு விலாசம். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் தோட்டத்து ஆள் என்று ஒருவருமே இல்லை. டவுன் மயானத்தில் போட்டால் படித்த பிள்ளைக்கு மரியாதையாகவும் இருக்கும் என்றார்.

அப்பா "சரிங்க" என்றார்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் எனக்கு அது வாயில் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அக்கா செய்மதி செய்கிறவள். இதே லயத்தில் பிறந்து, இதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கம்பசுக்குப் போய் இன்ஜினியராகி, கொழும்புப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிகிற மாதிரித்தான் தன் வேலையைச் சொல்வாள். செய்மதி பூமியைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் வெயில் படாத பக்கம் போகுமாம். அப்போது விறைத்து பேட்டரி செத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பொறுப்பு. இதற்குத்தானா இவ்வளவு படிப்பு என்று நான் கேட்டேன்.

"லயத்துல பொறந்தவளுக்குக் குளிரப் பத்தி எவன்டா பாடம் எடுக்கிறது? அதான் இந்த வேலைய எங்கிட்ட குடுத்திருக்காங்க" என்று சிரித்தாள்.

அவள் வேலை செய்கிற அறைக்குள் தூசியே போகக் கூடாது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, உடம்பெல்லாம் வெள்ளை அங்கி. நெற்றியில் திருநீறும் கூடாது, அதுவும் தூசிதானே. காலையில் விடுதியில் சாமி கும்பிட்டுப் பூசுவாள். அறைக்குள் போகும்முன் கழுவுவாள். வெளியே வந்ததும் மறுபடி பூசுவாள். அதற்காகவே பழைய தைல டப்பா ஒன்றில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீறு வைத்திருந்தாள். தீரத் தீர நான்தான் பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவேன். பேப்பரில் வெறும் நெற்றியோடு அவள் படம் வந்தபோது, பெரிய ஆளானதும் சாமியை விட்டுவிட்டாள் என்று எங்கள் லயத்திலேயே பேசினார்கள். நான் சண்டைக்குப் போனேன். அக்கா, பேசிவிட்டுப் போகட்டும் என்றாள்.

அவர்கள் செய்த செய்மதியை வெளிநாட்டில் ராக்கெட்டில் ஏற்றிய அன்று, கோயிலில் சூடம் கொளுத்தச் சொல்லி அப்பாவுக்குப் போன் எடுத்தாள். கூட வேலை செய்கிறவர்கள், ஆணி முடுக்கியதும் உங்கள் அம்மன்தானா என்று சிங்களத்தில் கேலி செய்தார்களாம். அவள் சொன்ன பதிலை எங்களிடம் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"முடுக்குனது நான். அது கெடாம இருக்கணும்னு கேட்டதுதான் அவகிட்ட."

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வரும். அப்பா குளிசை போட்டாரா, இருமல் எப்படி என்று கேட்பாள். பிறகு என்னைத் திட்டுவாள். எவ்வளவு வேலை இருந்தாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவாள். கடைசியாக வந்தபோதும் ஆற்றிலிருந்து வெறுங்காலோடு பால்குடம் எடுத்தாள். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு மயானத்துக்குப் போய், அம்மா குழியின் மேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். பக்கத்தில் வெறும் தரை. அதைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி இத எனக்குப் புடிச்சு வைடா. நான் எங்க போனாலும் கடைசியில இங்கதான் வருவேன்."

கிழவி மாதிரிப் பேசாதே என்றேன். கிழவியாகும்வரை அவள் இருக்கவே இல்லை. டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். அவளைப் போல அம்மனைக் கும்பிட்டவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. எனக்கு அம்மன் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

கண்டாக்கையா போனதும் நான் மண்வெட்டியை எடுத்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மேட்டு மயானத்துக்குக் கூட வந்தார்கள். சாவு வீட்டுக்குக் குழி வெட்டப் போகிறவர்களுக்கு அன்று வேலைக்கு வந்ததாகச் சம்பளத்துக்குப் பேர் போடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். முதல் வெட்டு விழுவதற்குள் கண்டாக்கையா மேலே வந்துவிட்டார். வெட்டுகிறவர்களுக்கு இன்றைக்குப் பேர் இல்லை என்றார். தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த அனுமதித் துண்டு இல்லாமல் மண்ணைத் தொட்டால் பொலிசுக்குச் சொல்வேன் என்றார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். போங்கடா என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு அவரிடம் சொன்னேன். "எங்கக்கா வானத்துக்குச் சாமான் அனுப்பினா. அதுக்கு யாரும் துண்டு கேக்கல. அவ படுக்கிறதுக்கு நீங்க கேக்குறீங்க. துண்டெல்லாம் இல்லைங்க. குழிதான் இருக்கு."

நான் வெட்டத் தொடங்கினேன். அழுதுகொண்டே வெட்டினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பாதையில் அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தி. என்னைத் தடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். கண்டாக்கையாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். அப்பா மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றார்.

"காலையில நான் சரிங்கன்னு சொன்னது செல்லாதுங்க" என்றார்.

குரலைக்கூட உயர்த்தவில்லை. குனிந்து, அம்மா குழியைச் சுற்றியிருந்த பற்றையை வெட்ட ஆரம்பித்தார். கண்டாக்கையா போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நாங்கள் வெட்டி முடிக்கும்வரை யாரும் வரவில்லை. அந்தப் பையன்கள் மட்டும் திரும்பி வந்தார்கள்.

பின்னேரம் அக்கா வந்தாள். விடுதியிலிருந்து அனுப்பிய பையில் அந்தத் தைல டப்பா இருந்தது. அதில் மிச்சமிருந்த திருநீறு முழுவதையும் அவள் நெற்றியில் பூசினேன். இனி அதைக் கழுவச் சொல்ல ஒருவரும் இல்லை. மழைத் தூற்றலில் அம்மா பக்கத்தில் வைத்து மூடினோம்.

பொலிஸ் வரவில்லை. ஆனால் குழியின் மேல் சீமெந்து கட்டக் கூடாது என்று தோட்டத்து ஒபிசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து சீமெந்து மூட்டையை நானே தோளில் சுமந்து வந்து கட்டினேன். அப்பா தண்ணீர் ஊற்றினார். இடிக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இடிக்கட்டும், மறுபடி கட்டுவேன். மூட்டை தூக்குவது எனக்குத் தெரிந்த வேலை.

பஸ் சீட்டு மாதிரி அக்கா பிடித்து வைக்கச் சொன்ன இடம் அது. நான் எழும்ப மாட்டேன்.