பதினேழாம் நிரை

வெள்ளையம்மாள் இறந்துபோன செய்தியை ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டே ஒருவர் எனக்குச் சொன்னார். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் அரிசிக் கடைக்குச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டி வந்திருந்தது. வண்டியோடு வந்தவர் முனியாண்டி என்ற பால்வெட்டுக்காரர். நான் முன்பு அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூட்டையைத் தோளில் ஏற்றியபடியே, "ஐயாவுக்கு நம்ம வெள்ளையம்மாவத் தெரிஞ்சிருக்குமே. போன செவ்வாக்கிழம போயிட்டாங்க. காய்ச்சல்தான்" என்றார். நான் அன்றைக்கு அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் தப்பும் தவறுமாக இருந்ததென்று முதலாளி மறுநாள் கடிந்துகொண்டார்.

வெள்ளையம்மாளோடு வேலை செய்தவர்கள் இப்போது பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களிலும் ஈப்போவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளையம்மாள் உயிரோடிருந்த நாளில் நான் அவரை ‘அவர்’ என்று சொன்னதில்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆனாலும் பெயர் சொல்லி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். கிராணி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது காகிதத்தில் மட்டும் மரியாதை கொடுக்கிறேன். கேட்டால் அவர் சிரிப்பார்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் ஒரு காலைப்பொழுதில் வெட்டிப் பாலெடுக்கும் கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நிரை என்று பெயர். எங்கள் தோட்டத்தில் பாலை நிறுத்துத்தான் கூலி. ஆகவே நல்ல நிரை கிடைத்தவர் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். இருபது நிரைகளில் பதினேழாவது சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்தது. கல்லும் சரளையுமான தரை. மரங்கள் நோஞ்சான்கள். அதற்கப்பால் ஆறு சுற்றி வரும் இடத்தில் மற்ற மூன்று நிரைகள் இருந்தன, அவை நல்லவை. பதினேழில் மற்றவர்கள் எடுக்கும் பாலில் பாதி கிடைத்தால் அதிகம்.

அந்த நிரை யாருக்கு என்பதை அம்மன் தீர்மானித்தாள். வருஷத்துக்கு ஒருமுறை மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கிறபோது சில வாரம் வெட்டு நிற்கும். மறுபடி தொடங்குவதற்கு முன் நான் ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிக் கொடுப்பேன். பூசாரி ஒவ்வொரு சீட்டையும் ஒரு வெற்றிலையில் மடித்து, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் போட்டு மாரியம்மன் முன்னால் வைப்பார். கற்பூரம் அணைந்ததும் ஒவ்வொருவராக வந்து ஒரு வெற்றிலையை எடுக்கவேண்டும். எந்தச் சூதும் இல்லை. இராமசாமிக் கங்காணி ஆயிரம் குற்றமுள்ள மனிதர், ஆனால் அந்தத் தாம்பாளத்தின் அருகே கூட வரமாட்டார்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து கித்தா விலை விழுந்த காலம் அது. வெள்ளையம்மாள் அடுத்தடுத்து இரண்டு வருஷம் பதினேழை எடுத்தார். கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டம் கெட்டவள் என்றார்கள். கங்காணி, அம்மன் அவளைச் சோதிக்கிறாள், ஏதோ நேர்த்திக்கடன் பாக்கி இருக்கும் என்றார். நான் இங்கிலீஷ் படித்தவன், எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஏழ்மை மனிதன் தானே தேடிக்கொள்வது என்பது என் கட்சி. கள்ளுக்கடையும் திருவிழாச் செலவும் ஒழிந்தால் கூலிக்காரன் வீட்டில் பஞ்சம் இருக்காது என்று ஒரு கட்டுரை எழுதினேன். அது இதே பத்திரிகையில்தான் வந்தது. ஆசிரியர் பாராட்டிக் கடிதம் போட்டிருந்தார்.

அந்தப் பெருமையை அடக்கமாட்டாமல் ஒரு விடுமுறை நாள் பிற்பகல் கோயில் வாசலில் எல்லோரையும் உட்காரவைத்து அதை வாசித்தேன். நல்ல இடங்களில் குரலை உயர்த்தினேன். முடிந்ததும் கங்காணி தலையாட்டினார், மற்றவர்களும் ஆட்டினார்கள். வெள்ளையம்மாள் மட்டும் எழுந்து நின்றார். கோபமில்லை, உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்பவர் போலக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கள்ளு வாடையே ஆகாதுங்க. போன திருவிழாவுக்கு நாங்க புதுத்துணி எடுக்கல. அப்ப நான் இன்னும் எத விட்டா நல்லா இருப்பேங்க?"

பொதுவாக எழுதியதை ஒருத்தி தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஏதோ சொன்னேன். அவர் "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அன்று அவரை வாய்த்துடுக்குக்காரி என்று நான் கங்காணியிடம் சொன்னதாக நினைவு.

அவருடைய கணவர் கருப்பையா அப்போது இருமலில் படுத்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். ஆனால் முட்டையும் பாலும் கொடுத்துத் தேற்றவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதினேழாம் நிரை வெட்டுகிறவள் வீட்டில் முட்டைக்கு எங்கே போவது? அந்த வருஷம் ஒரு நல்ல நிரை விழுந்தால் கருப்பையா எழுந்துவிடுவார் என்று லயமே பேசிக்கொண்டது. மூன்றாம் வருஷச் சீட்டு நாளில் வெள்ளையம்மாள் ஈரப் புடவையோடு வந்து கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி, தாம்பாளத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து என்னிடம் நீட்டினார். படித்துச் சொல்வது என் வேலை. பிரித்தேன். பதினேழு.

பூசாரி, தலையில் எழுதியதை யார் அழிக்க முடியும் என்று முணுமுணுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வெள்ளையம்மாள் என் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெத்தலய நான் எடுத்தேன். ஆத்தா குடுத்தா. சரிங்கய்யா. நிரைய யாரு பிரிச்சா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிரித்தவன் நான். தோட்டத்துக்கு நான் வந்த புதிதில், அந்தக் கித்தாக் காட்டை இருபது நிரையாகப் பிரித்துக் கொடு என்று துரை சொன்னார். காட்டில் இறங்கி நடந்து, மரங்களைப் பார்த்து, பிரித்திருக்கவேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். அட்டை கடிக்குமென்ற பயம் வேறு. ஆபீஸ் மேசையில் வரைபடத்தை விரித்து, ரூல்தடியை வைத்து, குன்றுக்கு இணையாகக் கோடு கோடாகப் போட்டேன். ஒரு கோடு முழுக்கவும் குன்றின் அடியில் விழுந்தது. தெரிந்தே விட்டேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இதை அன்று ஒப்புக்கொண்டிருந்தால் நான் இதை எழுதும்போது கை கூசாது. எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது பேர் முன்னால் ஒரு பால்வெட்டுக்காரி கிராணியைக் கேள்வி கேட்பதா? "வாயக் குறைச்சுக்க. இல்லேன்னா வேற தோட்டம் பாத்துக்க" என்றேன். அவர் ஈரப் புடவையோடு லயத்துக்குப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, முதல் ஆளாக வந்து நின்றார். அந்த வருஷம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கருப்பையா இறந்துபோனார்.

நல்ல நிரை விழுந்திருந்தால் கருப்பையா பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. இருமல் அத்தனை சுலபமாக விடுகிற வியாதி இல்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சொன்ன பிறகும் தூக்கம் வருவதில்லை.

அடுத்த இலையுதிர் காலம் வந்தது. நான் செய்ததற்கு ஈடு செய்துவிட நினைத்தேன். வாய்திறந்து மன்னிப்புக் கேட்கவேண்டியதை விட்டுவிட்டு, குறுக்கு வழியில் போனேன். தோட்டத்திலேயே நல்லது நான்காம் நிரை. ஆற்றோரம், கொழுத்த மரங்கள். அந்தச் சீட்டை வைத்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிடும்படி பூசாரியைச் சம்மதிக்கவைத்தேன். பிறகு வெள்ளையம்மாளைத் தண்ணீர்க் குழாயடியில் தனியாகக் கண்டு, காம்பில்லாத வெற்றிலையை எடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் குடத்தைக் கீழே வைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப பதினேழு யாருக்குப் போகும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. யாருக்காவது போகும் என்றேன்.

"அந்த யாருக்காவதுங்கிறதுதாங்க மூணு வருசமா நானு" என்றார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த அடி அதுதான். என் தகப்பனாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அடித்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். கிராணி லயத்துக்குள் வருவதைப் பார்த்து ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். நிரைகளை மறுபடியும் பிரிக்கவேண்டும், எனக்கு மரங்கள் தெரியாது, உனக்குத் தெரியும், கூட வா என்று கேட்டேன். "வாரேங்க" என்றார், ஒரே வார்த்தை. ஐந்து நாள் காட்டில் நடந்தோம். ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்காட்டி, இது பால் கொடுக்கும், இது பட்டை காயம்பட்டது, இது மழைக்குப் பிறகுதான் சுரக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். பதினேழுக்கு வந்ததும் மூன்று வருஷம் தன்னைப் பட்டினி போட்ட அந்த நோஞ்சான் மரங்களையும் அதே போலத் தட்டிக்கொடுத்தார். அது என்ன செய்யும் பாவம், கல்லில் நட்டுவிட்டார்கள் என்றார்.

கடைசியில் பார்த்தால் செய்யவேண்டியது மிகச் சின்ன வேலை. குன்றுக்கு இணையாகப் போட்ட கோடுகளைக் குன்றை நோக்கிப் போடவேண்டும். ரூல்தடியைத் திருப்பி வைத்தால் போதும். ஒவ்வொரு நிரையும் ஆற்றோரம் தொடங்கிக் குன்றடியில் முடிந்தது. கொழுத்த மரமும் நோஞ்சான் மரமும் எல்லோருக்கும் வந்தன.

இதற்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. நல்ல நிரை வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பால் வாளியோடு மேட்டில் ஏறி இறங்க முடியாது என்றார்கள். அம்மன் கொடுப்பதை மனிதன் மாற்றினால் அம்மை போடும் என்று கங்காணி பயமுறுத்தினார். துரைக்கு மொத்தப் பால் குறையாமல் இருந்தால் சரி. வெள்ளையம்மாள் யாரோடும் சண்டை போடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது பதினேழை எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்று மட்டும் கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஆறாவதாகக் கை தூக்கியவர் கங்காணியின் மைத்துனர். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் யாருக்கும் அம்மை போடவில்லை.

அதனால் வெள்ளையம்மாள் வசதியாகிவிடவில்லை. யாருமே ஆகவில்லை. கித்தாவுக்கு என்ன விலை என்பதை எங்கோ கடலுக்கு அப்பால் தீர்மானித்தார்கள், அந்தக் கோட்டைத் திருப்பிப் போட என்னிடம் ரூல்தடி இல்லை. ஆனால் ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு எரியாமலிருந்த வருஷம் அதற்குப் பிறகு வரவில்லை. ஏழ்மையில் கடவுள் சித்தம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கோயிலுக்குப் போகிறேன், கும்பிடுகிறேன். என் கைவேலை எவ்வளவு என்பதை மட்டும் வெள்ளையம்மாள் எனக்குக் காட்டிவிட்டார். சிக்கனத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை யாரிடமாவது இருந்தால் கிழித்துவிடுங்கள்.

தோட்டத்தை விட்டு நான் ஈப்போவுக்குக் கிளம்பிய அன்று வண்டிப் பாதையில் வெள்ளையம்மாள் நின்றிருந்தார். முந்தானையில் இரண்டு முட்டை முடிந்து வைத்திருந்தார், வழியில் சாப்பிட என்று அவித்தது. முட்டையைப் பார்த்ததும் எனக்குக் கருப்பையாவின் நினைவு வந்தது. வெள்ளையம்மாளுக்கும் வந்திருக்கும். வாங்கிக்கொண்டேன். அன்றைக்காவது ‘அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

முனியாண்டி மூட்டைகளை அடுக்கிவிட்டு வண்டியில் ஏறும்போது, வெள்ளையம்மாள் கடைசியாக எந்த நிரையில் வெட்டினார் என்று கேட்டேன். பழைய பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. முனியாண்டி தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நான் எதற்காக அதைக் கேட்கிறேன் என்று புரியாமல் விழித்தார்.

"பதினேழுன்னு நெனைக்கிறேங்க. இல்ல, பதினெட்டோ? எதுவா இருந்தா என்னங்க, எல்லா நிரையும் ஒண்ணுதானே" என்றார்.

வண்டி போன பிறகும் நான் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். முனியாண்டிக்குத் தெரியாத அந்தப் பதினேழாம் நிரையை நான் வைத்துக்கொள்கிறேன், அக்கா.