ஹோசியாவுக்கு முதுகுவலி இல்லை

கறுப்பர்களின் பிணங்களைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, பெட்டியில் கிடத்துவதுதான் ஹோசியா பெட்டிக்ரூவின் தொழில். ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூரில் வெள்ளைக்காரன் தயவில்லாமல் வயிறு வளர்த்த கறுப்பர் அவர் ஒருவர்தான்.

1955-இல், கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்கள் குழுவான ஜூரிக்கு அவரை அழைத்தார்கள். சட்டத்துக்குப் பயந்து நாலைந்து கறுப்பர்களை அழைப்பார்களே தவிர, உட்கார வைக்கிற வழக்கம் கிடையாது. முந்தின நாளே ஷெரிப் வீடு வீடாக வந்து, யாருக்கு என்ன நோய் என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் நீதிபதியிடம் அதை ஒப்பித்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஹோசியா, உனக்கு முதுகுவலியாமே?" என்றார் ஷெரிப்.

"பொணம் தூக்குற முதுகுங்க. வலிச்சா கட்டுப்படியாகுமா?"

"திமிரா? உன் பொழப்புல மண்ணு விழுந்துரும், பாத்துக்க."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் செத்தவங்க. அவங்களையும் மெரட்டி வேற கடைக்கு அனுப்பிருவீங்களா?"

மறுநாள் நீதிபதி சலிப்போடு கேட்டார்: "உனக்கு உடம்புக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்லைங்க. கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் ஹோசியா, கோர்ட்டின் மாடியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தன் சனத்துக்கும் கேட்கும்படி.

அரசு வக்கீல் எழுந்து, காரணம் சொல்லாமலே ஜூரியிலிருந்து ஆளை நீக்கத் தனக்கிருந்த உரிமையைக் காட்டி அவரை நீக்கினார்.

"நோயாளின்னு அனுப்பலை, கறுப்பன்னுதான் அனுப்புறீங்க. அதை வாயால சொல்லிட்டு அனுப்புங்க!"

நீதிபதி சுத்தியலைத் தட்டினார். ஹோசியா தொப்பியை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே நடந்தார்.

அடுத்த முறையும் ஷெரிப் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஊரில் ஒரு கறுப்பருக்கும் முதுகு வலிக்கவில்லை.