சும்மா கிடந்த கிண்ணம்

பெங்களூரு பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து கிரேஸின் தம்பி செல்வத்தின் குரல் போனில் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அது செல்வத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று பல வருடமாகப் பயந்துகொண்டிருந்தவன் நான். அவனே பேசுகிறானே என்று மூச்சு விட்டேன். "அக்கா போய்ட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்" என்றான்.

கிரேஸை உங்களில் பலருக்குத் தெரியும். 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள். ஆரம்பத்தில் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து நம் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பார்த்தவள். பக்கத்து மேஜையில் நான் மின்சுற்று பார்த்தேன். தம்பி செல்வத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை அவனை மந்தமாக்கியதே தவிர வலிப்பை நிறுத்தவில்லை. அதனால்தான் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். முடியைப் போன்ற மெல்லிய கம்பி, அதன்மேல் பாலிமர் பூச்சு, பூச்சுக்குள் மருந்து. கம்பி மூளைக்குள் இருக்கும். வலிப்பு தலைகாட்டும்போது துளி மின்சாரம் கொடுத்தால், அந்த இடத்தில் மட்டும் மருந்து இறங்க வேண்டும்.

அவளுக்கு ஒரு பிடிவாதம். உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தால், அதே பூச்சுள்ள இன்னொன்றைப் பக்கத்துக் கிண்ணத்தில் சும்மா போட்டு வைப்பாள். "குடுத்தா வருது, சரிப்பா. குடுக்கலேன்னா வராம இருக்குதா? அதைச் சொல்லு மொதல்ல" என்பாள்.

மருந்து அழகாக இறங்கிய அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஓடிப்போய் மைசூர்பாக் வாங்கி வந்தேன். அவள் மட்டும் சும்மா கிடந்த கிண்ணத்தின் தண்ணீரை அளந்துகொண்டிருந்தாள். அதிலும் மருந்து. மின்சாரமே இல்லாமல் கசிந்திருக்கிறது. "ஸ்வீட் டப்பாவை மூடி வை. தலைக்குள்ள இது பாட்டுக்கு ஒழுகிட்டே இருந்தா, ஃபிட்ஸ் வர்ற நேரத்துல என்னத்தக் குடுப்பே?" எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மைசூர்பாக்கை எறும்புதான் தின்றது.

பூச்சை மாற்றினோம். அதன்மேல் இன்னொரு பூச்சு போட்டோம். எலிகளில் வைத்துப் பார்த்தோம். ஒரு கம்பி ஒழுகாமல் நிற்கும், இன்னொன்று ஒழுகும். ஏன் என்று விளங்கவில்லை. மேஜைமேல் செல்போன் அதிர்ந்தால், தம்பி எங்கே விழுந்தானோ என்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

ஒரு நாள் செல்வமே வந்து நின்றான், மொட்டைத் தலையோடு.

"வேளாங்கண்ணி போனியாடா? சொல்லவே இல்லியே" என்றாள்.

"இல்லக்கா. தலைல வெக்கணும்னா முடி எடுக்கணும்ல? நானே எடுத்துட்டு வந்துட்டேன். எலிக்கு வெச்சியே, எனக்கும் வையி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அது ஒழுகுதுடா."

"ஒழுகட்டும். போன வாரம் பஸ் ஸ்டாண்டுல விழுந்து மண்டைய ஒடச்சிக்கிட்டேன். அதவிடவா மோசம்?"

"தெரியல. தெரியாதத உன் தலைக்குள்ள வெக்க மாட்டேன்."

அனுமதி, டாக்டர், ஆபரேஷன் என்று ஆயிரம் தடை இருந்தது. அதில் ஒன்றைக்கூட அவள் சாக்காகச் சொல்லவில்லை. மாட்டேன் என்பதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். அவன் வெகுநாள் அவளோடு பேசவில்லை. கேன்டீனில் என்னிடம், "நான் பண்ணது கரெக்டாப்பா? நாளைக்கு ரோட்டுல விழுந்து அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள்.  ஆறிப்போன காபியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கிரேஸின் அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது செல்வம் என் கையைப் பிடித்தான். "சார், வேணாம்னு சொல்ல இப்ப அக்கா இல்ல. இப்பவாவது எனக்கு வெப்பீங்களா?"

 இனி அவன் விழுந்தால் ஓடிவர அந்த வீட்டில் ஆளில்லை. 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லி அந்த நேரத்துக்கு அவனைத் தேற்றிவிடலாம். வாய்வரை வந்தும் விட்டது.

"இன்னும் ஒழுகுதுப்பா. மாட்டேன்" என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டு நடந்தான். கிரேஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'மாட்டேன்'தான். அதைச் சொல்லிவிட்டு அவள் எப்படித் தூங்கினாள் என்று நான் ஒரு நாளும் கேட்டுவைக்கவில்லை.